ஒரு கைத் தீனி

வேகவைத்த கொள்ளில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள் ழக்லின். மென்று விழுங்கிவிட்டு வாயைத் திறந்தும் காட்டினாள். லாயத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமியார் ஆத்ரியேன், ஜெபமாலை உருட்டும் விரலை நிறுத்தாமலே, சரி என்று தலையை அசைத்தார். அதற்குப் பிறகுதான் தீனிச் சட்டி குதிரையிடம் போகலாம்.

உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, குதிரைக்கென்று வேகவைத்த கொள்ளு. ஏறக்குறைய ஒரு வருடமாக ழக்லினுக்குப் பொழுது விடிவது இந்த ருசியோடுதான். காபியெல்லாம் அப்புறம். தன் கையில் விஷமில்லை என்று தினமும் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். காட்டிய கையாலேயே குதிரைக்கு ஊட்டியும் ஆக வேண்டும். அந்தக் கையை நம்ப மாட்டார்களாம், விடவும் மாட்டார்களாம். எந்த ஊர் நியாயம் இது?

கப்ரால் அவள் தோளில் மூக்கை உரசியது. செம்மண் நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. அவள் உள்ளங்கையில் வைத்து நீட்டினால்தான் சாப்பிடும். சட்டியை வைத்துவிட்டு நகர்ந்தால் மோந்துகூடப் பார்க்காது. அப்படித்தான் அதைப் பழக்கியிருந்தார்கள்.

'சொல்தா வீடு' என்றால் காரைக்காலில் ரேக்ளா பார்க்கப் போகிற எல்லோருக்கும் தெரியும். ழக்லினின் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பி, பந்தயக் குதிரை வாங்கிக் கட்டியவர். காணும் பொங்கலன்று நடக்கும் குதிரை வண்டிப் பந்தயத்தில் அவர் பயந்தது அடுத்தவன் குதிரைக்கு அல்ல, அடுத்தவன் கைக்கு. பந்தயத்துக்கு முதல் நாள் எவனாவது வெல்லத்துக்குள் எதையாவது வைத்து ஊட்டிவிட்டால் வருடம் முழுக்கப் பட்ட பாடு போச்சு. அதற்கு அவர் கண்ட வழிதான் ஒரு கைத் தீனி. குட்டியாக வந்த நாளிலிருந்து ஒரே ஆள்தான் ஊட்டுவது. மற்றவர்கள் தீனியை நீட்டி, அது வாயைக் கொண்டுவரும்போது மூக்கில் சுண்டிவிடுவார்கள். கொஞ்ச நாளில் வேறு கை என்றாலே குதிரை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

யார் கை என்பதிலும் மனிதர் தெளிவாகத்தான் இருந்தார். மூத்த மகன் பந்தயம் பந்தயம் என்று ஊர் சுற்றுவார், இளையவன் அப்போது சின்னப் பிள்ளை. மனைவிக்கு முழங்கால் வலி. எங்கேயும் போகாத கை, வீட்டுக்கு வந்த மூத்த மருமகளுடையதுதானே!

மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் வைத்த சட்டம் போகவில்லை. ஒரு குதிரைக்கு வயதானால் இன்னொன்று வந்தது. இதோ இருக்கிற குரும்பகரத்தில் தாய் வீடு. கல்யாணத்துக்குப் பிறகு ழக்லின் அங்கே ஒரு ராத்திரி தங்கியதில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட சாயங்காலத் தீனிக்குத் திரும்பி வந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊட்டினாள். குதிரைக்கு என்ன தெரியும், அது சாப்பிட்டது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவளால் ஓரேலியின் கல்யாணத்தைப் பொறுக்க முடியவில்லை. ஒரே மகள். பிரான்சில் நர்ஸ் வேலை, கல்யாணமும் அங்கேயே. மார்கழி மாதம், பந்தயத்துக்குக் குதிரையைத் தயார் செய்கிற நேரம். அதனால் ழக்லினின் கணவர் மத்தியூ மட்டும் போய், மகள் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். பெற்றவள் லாயத்தில் நின்று செல்போனில் பார்த்தாள். பாதியில் சிக்னல் போய்விட்டது.

அந்த ஆற்றாமை தொண்டையிலேயே நின்றது. போன பொங்கல் பந்தயத்துக்கு முதல் நாள், சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் வாயைவிட்டு வந்துவிட்டது. "இந்தக் குதிரை விழுந்தாத்தான் எனக்கு விடுதலை."

மறுநாள் குதிரை விழுந்தேவிட்டது.

பந்தயத்தில் குதிரை ஓட்டமாகத்தான் போக வேண்டும். நாலு கால் பாய்ச்சல் எடுத்தால் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. மத்தியூவின் தம்பி அர்னோதான் வண்டி ஓட்டினான். முதலில் வந்துகொண்டிருந்த கப்ராலுக்குத் திடீரென்று உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. வெறி பிடித்த மாதிரி பாய்ச்சல் எடுத்தது. பிறகு முன்னங்கால் மடிந்து தார் ரோட்டில் விழுந்தது. வயிற்றுக்குள் போகக் கூடாதது ஏதோ போயிருக்கிறது என்றார் கால்நடை டாக்டர். பிழைத்ததே மாதா புண்ணியம்.

வேறு கையில் சாப்பிடாத குதிரை. அப்படியென்றால் யார்? அந்த வீட்டில் யாருக்கும் யோசிக்க ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. அவள் கை இல்லாவிட்டால் குதிரை பட்டினி, அதனால்தான் வீட்டைவிட்டு அனுப்பவில்லை. அன்றைக்கு ழக்லினோடு பேச்சை நிறுத்திய மத்தியூ இன்றுவரை நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவாக இருந்தாலும் அம்மா வழியாகத்தான். கொள்ளு தின்று காட்டும் ஏற்பாடு அந்த அம்மாவுடையது.

ஆனால் ழக்லினுக்குத் தெரியும். செய்தது யார் என்பது, பந்தயத்தன்று சாயங்காலமே தெரியும்.

லாயத்தில் வைக்கோலுக்குப் பின்னால், அழுக்குக் கூடையில் அவள் போட்டிருந்த பழைய வீட்டுப் புடவை சுருண்டு கிடந்தது. முந்தானையெல்லாம் வெல்லம் பிசுபிசுத்தது. மழைக்காலத்தில் அவள் காய்ச்சலோடு படுத்திருந்தபோது ஒரு நாள் தீனிச் சட்டி காலியாகியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள்தான் எழுந்து வந்து ஊட்டினாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். எழுந்து நிற்கவே முடியாதவள் எங்கே ஊட்டினாள்? அவள் புடவையை யாரோ தலையோடு போர்த்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். வாயில்லா ஜீவன் வாசனையை நம்பியிருக்கிறது.

புடவையும் கையுமாக அவள் நிற்கும்போதே அர்னோ வந்து காலில் விழுந்தான். யாரோ சத்து மருந்து என்று சொல்லிக் கொடுத்தானாம். குதிரை பறக்கும் என்றானாம். ஜெயித்துவிட்டு அண்ணனிடம் சொல்லலாம் என்று இருந்தானாம். பால்பல் விழாத வயதில் அவள் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் போனவன், கல்யாணமாகியும் புத்தி வரவில்லை. அடிக்கத்தான் கையை ஓங்கினாள். அந்த நேரம் பார்த்து முன்கட்டிலிருந்து மத்தியூவின் குரல் கேட்டது. இதைச் செய்தது பெற்ற தாயாக இருந்தாலும் இந்த வீட்டில் இடமில்லை, இன்றைக்கே வெளியே போக வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார். அர்னோவின் மனைவி ஆலிசியாவுக்கு அப்போது நிறைமாதம்.

ழக்லின் புடவையைச் சுருட்டி வாளித் தண்ணீரில் அமுக்கினாள். "மொதல்ல புள்ள பொறக்கட்டும். அப்பறம் நீயா உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன் என்றான் அர்னோ. பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானம் முடியட்டும் என்றான். ஈஸ்டர் போகட்டும் என்றான். அப்புறம் அவள் இருக்கும் பக்கமே வராமல் பழகிக்கொண்டான். சொல்லாமல் விட்ட பேச்சு நாளாக நாளாகக் காய்ந்துபோகிறது, பிறகு அதை எடுத்து யாரிடம் கொடுப்பது? ழக்லினும் கொள்ளு தின்னப் பழகிவிட்டாள்.

பழகிவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தாள், இன்று காலை ஓரேலியின் குரல் வரும்வரை. மகள் வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தாள். ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாம், படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். புருஷனுக்கு ஷிப்டு வேலை, வீட்டில் தனியாகக் கிடக்கிறாள். இந்த மாதக் கடைசிக்குள் பிரசவம். கடைசியாக, "மமா, கல்யாணத்துக்கு நீ வரலன்னு நான் ஒண்ணும் சொல்லல. இப்ப கேக்குறேன். நீ வரணும். எனக்குப் பயமா இருக்கு…" என்று முடிந்திருந்தது.

ழக்லின் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அலமாரியில் அவள் பெயருக்கு பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கிறது. அது கையில் இருந்தால் பாதி உலகத்துக்கு விசாவே வேண்டாம் என்று அக்கம்பக்கத்தில் பொறாமைப்படுகிறார்கள். இந்த லாயத்தைத் தாண்டுவதற்குத்தான் அதில் வழியில்லை.

இட்லி பரிமாறிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். மத்தியூவின் கை தட்டிலேயே நின்றது. மகள் என்றால் அவருக்கும் உயிர்தான். ஆனால் பந்தயத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. போன வருடம் ஊர் சிரித்தது இன்னும் அவர் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. பொங்கல் கழித்துப் போகச் சொல்லுங்கள் என்றார் அம்மாவிடம்.

"கொழந்த பொங்கல் வரைக்கும் காத்திருக்காதுங்க" என்றாள் ழக்லின்.

ஆத்ரியேன் ஒரு வழி சொன்னார். ஆலிசியா நாளையிலிருந்து லாயத்துக்கு வரட்டும். ழக்லினோடு நின்று பழகட்டும், பத்து நாளில் குதிரை ஒட்டிக்கொள்ளும். எப்படியும் ழக்லினுக்கு அப்புறம் அவள் கைதானே? பள்ளிக்கூட வேலையை விட்டால் போகிறது.

இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஆலிசியாவின் முகம் வெளுத்துவிட்டது. டீச்சர் வேலை அவளுக்கு உசிர். அந்த முகத்தை ழக்லினுக்குத் தெரியும். முதல் குதிரைக் குட்டியின் கயிற்றை மாமனார் அவள் கையில் கொடுத்த அன்று, தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ழக்லின் போய்விடலாம். மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அந்த ஒரு வார்த்தை நாக்குவரை வந்தது.

"அவ வேணாம் அத்தை" என்றாள். "இது என்னோட போவட்டும்."

"அப்ப நீ போவ முடியாதும்மா, நாங்க என்னா பண்றது" என்றார் ஆத்ரியேன்.

அப்போதுதான் மத்தியூ எழுந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு ழக்லினை நேராகப் பார்த்துப் பேசினார். "இந்த வீட்டுல வேற எந்தக் கையிலயாவது அது சாப்புடட்டும். அடுத்த நிமிசம் நான் டிக்கெட் போடுறேன். போதுமா?"

நடக்கவே நடக்காது என்ற தைரியத்தில் சொன்ன பேச்சு. ழக்லின் அர்னோவைப் பார்த்தாள். அவன் இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் ழக்லின் தீனி வைக்கவில்லை. எல்லோரையும் லாயத்துக்கு வரச் சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டாள். பசி பொறுக்காமல் கப்ரால் குளம்பால் தரையைத் தட்டியது. மத்தியூ முதலில் போனார். கூப்பிட்டார், கழுத்தைத் தடவினார், கெஞ்சினார். நீட்டிய கையைப் பார்த்ததும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆலிசியா பயந்து பயந்து நீட்டினாள். அதற்கும் அப்படியே. ஆத்ரியேன்கூட எழுந்து போய்ப் பார்த்தார். எத்தனை மூக்குச் சுண்டல் வாங்கிய குதிரை அது, மறக்குமா? அர்னோ மட்டும் வண்டிச் சக்கரத்துக்கு கிரீஸ் போடுகிறேன் என்று வெளியிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஒரே ஒரு பேச்சுப் பேசினால் ழக்லினின் கஷ்டம் தீர்ந்துவிடும். அவள் பேசவில்லை. காட்டிக்கொடுத்துவிட்டுப் போனால் மகள் வீட்டில் ஒரு வாய் சோறு இறங்காது என்று அவளுக்குத் தெரியும். வளர்த்த கை அது. அவனாக வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கப்ரால் அவளைப் பார்த்துக் கனைத்தது. திரும்பத் திரும்பக் கனைத்தது. இது என்ன பாவம் பண்ணியது, இதைப் பட்டினி போட்டா நான் விடுதலை வாங்க வேண்டும்? அவளுக்கு மனசு கேட்கவில்லை. சட்டியை எடுத்தாள்.

"மொதல்ல நீ சாப்புடு" என்றார் ஆத்ரியேன், பழக்க தோஷத்தில்.

ழக்லின் ஒரு கை அள்ளினாள். வாய்வரை கொண்டுபோனாள். அப்போதுதான் அவள் அழுதுவிட்டாள். ஒரு வருடமாக இந்த இடத்தில் அவள் அழுததில்லை. கொள்ளைக் கையில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, சத்தமில்லாமல் அழுதாள்.

வெளியே கிரீஸ் டப்பா உருண்டது. அர்னோ உள்ளே வந்தான். "வேணாம் அண்ணி. சாப்புடாதீங்க" என்றான்.

விறுவிறுவென்று கொல்லைக்குப் போனான். அழுக்குக் கூடையிலிருந்து அவள் காலையில் அவிழ்த்துப் போட்ட புடவையை எடுத்துக்கொண்டு வந்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தலையோடு போர்த்தி உடம்பைச் சுற்றிக்கொண்டான். இவனுக்கு என்ன ஆயிற்று என்று ஆத்ரியேன் சிலுவை போட்டுக்கொண்டார். அர்னோ அண்ணியின் கையிலிருந்த கொள்ளைத் தன் கையில் வாங்கி, குனிந்து, குதிரையிடம் நீட்டினான். கப்ரால் முந்தானையை மோந்தது. பிறகு சாப்பிட்டது.

லாயத்தில் அது மெல்லும் சத்தம் மட்டும்தான் கேட்டது. சட்டி காலியாகும்வரை யாரும் அசையவில்லை.

"போன வருசம்…" என்று தொடங்கினார் மத்தியூ.

"நாந்தாண்ணே" என்றான் அர்னோ. புடவைக்குள்ளிருந்து முகத்தை வெளியே எடுக்கவில்லை. "அண்ணிக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். ஆலிசியாவுக்காக வாய மூடிக்கிட்டாங்க. நான் எனக்காக மூடிக்கிட்டேன்."

ஆலிசியா பிள்ளையை அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். மத்தியூ ஆணியில் தொங்கிய சாட்டையை உருவினார். அது இறங்குவதற்குள் ழக்லின் குறுக்கே வந்து நின்றாள்.

"அவனை அடிக்காதீங்க. அவன் முட்டாத்தனமா ஒண்ணு பண்ணான், பயந்துக்கிட்டு மறைச்சான். இன்னைக்காவது எந்திரிச்சு வந்தான்." அவள் குரல் உயரவில்லை. "நீங்க என்னங்க பண்ணீங்க? இத்தன வருசம் ஒண்ணா வாழ்ந்திருக்கோம். 'நீ செஞ்சியா ழக்லின்'னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. இல்லன்னு சொல்லியிருப்பேன். அத நம்பியிருந்தீங்கன்னா, இந்தக் கொள்ள நான் சந்தோசமா தின்னிருப்பேன். வேற கையில குதிர சாப்புடாதுன்னு ஊரே சொல்றத நம்புனீங்க. கட்டுன பொண்டாட்டிய நம்பல."

மத்தியூவின் கையிலிருந்து சாட்டை கீழே விழுந்தது. அவர் அங்கேயே, வைக்கோல் மேல், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எழுந்தது ஆத்ரியேன்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி வந்து மருமகளைக் கட்டிக்கொண்டார். தினமும் ஜெபமாலை சொல்லிக்கொண்டே ஒரு பாவத்தைச் செய்துவந்தேனே என்று தேம்பினார். "நான் செத்தா என் வாயில நீதான் தண்ணி ஊத்தணும்மா. மாட்டேன்னு மட்டும் சொல்லிடாத" என்றார். ழக்லின் அந்தக் கிழட்டுத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரு வருடத்து அழுகையை அழுது தீர்த்தாள். கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனாலும் அழுவதற்கு அவளுக்கு ஒரு தோள் வேண்டியிருந்தது.

டிக்கெட் அன்றைக்கே போடப்பட்டது. புறப்பட இன்னும் மூன்று நாள் இருந்தது. அவள் போன பிறகு அர்னோ புடவை கட்டிக்கொண்டு தீனி வைத்துவிடுவான் என்று மத்தியூ சொன்னபோது, ழக்லின் முடியாது என்றாள். காலையும் மாலையும் வீட்டில் இருந்த அத்தனை பேரையும் லாயத்தில் வரிசையாக நிற்க வைத்தாள். மத்தியூவின் கையைப் பிடித்து அதில் கொள்ளைக் கொட்டி, அதற்கு அடியில் தன் கையை வைத்து நீட்டினாள். முதலில் கப்ரால் திமிறியது. பிறகு மோந்தது. பிறகு, வேண்டா வெறுப்பாக, ஒரு வாய் வாங்கிக்கொண்டது. அடுத்தது அர்னோ, புடவை இல்லாமல். அடுத்தது ஆத்ரியேன்.

"இப்புடிப் பழக்குனா எவன் வேணும்னாலும் மருந்து வச்சிடுவானே" என்றார் மத்தியூ. குரலில் அதிகாரம் இல்லை, கவலைதான் இருந்தது.

"காவல் இருங்க. நீங்களும் உங்க தம்பியும் மாத்தி மாத்திப் படுத்துக்குங்க. குதிரைக்கு வேணும்னா காவல் இருக்கலாம், அதுக்காக ஒரு பொம்பளைய கட்டிப் போடக் கூடாது" என்றாள் ழக்லின். ஆலிசியாவை அவள் வரிசையில் நிற்க விடவில்லை. ஸ்கூலுக்கு நேரமாகிறது, கிளம்பு என்று விரட்டினாள்.

புறப்பட்ட அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. சென்னைக்குப் போகிற கார் வாசலில் நின்றது. அர்னோ பெட்டிகளை ஏற்றினான். காலில் விழ வந்தவனை ழக்லின் நிமிர்த்தி, தலையில் ஒரு குட்டு வைத்தாள். ஆலிசியா அவள் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஆத்ரியேன் பேத்திக்கென்று கட்டிய மருந்துப் பொட்டலங்களை மடியில் திணித்து, நெற்றியில் சிலுவை வரைந்தார்.

மத்தியூ தானே கார்க் கதவைத் திறந்து பிடித்தார். அவர் கண் சிவந்திருந்தது. ழக்லின் ஏறி உட்கார்ந்த பிறகும் கதவைச் சாத்தாமல் நின்றார்.

"எப்ப திரும்பி வருவ?"

மாதா கோயிலுக்குப் போனாலும், மார்க்கெட்டுக்குப் போனாலும், அம்மாவின் அடக்கத்துக்குப் போனாலும், வாசலில் நின்று யாராவது ஒருவர் கேட்கிற கேள்விதான். சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறேன் என்றுதான் அவள் சொல்வாள். வேறு பதில் அவளிடம் இருந்ததே இல்லை.

"தெரியலைங்க" என்றாள் ழக்லின்.

சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள். பயமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. மத்தியூ சரி என்று தலையை அசைத்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினார்.